'விசுவாசத்தினால்': ஒரு வேற்றுமையின் பொருள்

இலத்தீன் மொழியில் 'அப்லேட்டிவ்' என்றொரு வேற்றுமை உண்டு. தமிழ் இலக்கணத்தார் மூன்றாம், ஐந்தாம், ஏழாம் வேற்றுமைகளுக்குப் பகிர்ந்தளித்த பொருள்களிற் பலவற்றை இவ்வொன்றே சுமக்கிறது. நீக்கத்துக்கும் இடத்துக்கும் பெரும்பாலும் முன்னிடைச்சொல் துணைவரும். கருவிக்கு அது வேண்டுவதில்லை. 'கிளாதியோ' என்ற தனிச்சொல்லே 'வாளால்' எனப் பொருள்படும்.

சீர்திருத்தச் சபைகள் போற்றும் 'சோலா ஃபீதே' என்னும் தொடரும் இவ்வேற்றுமையில் அமைந்ததே. 'விசுவாசத்தினால் மாத்திரமே' எனப் பெயர்க்கிறோம். ஆயின், இந்த 'ஆல்' எத்தகையது? 'வாளால் வெட்டினான்' என்பதிற் கருவி. 'நோயால் மெலிந்தான்' என்பதிற் காரணம். இலத்தீன் வேற்றுமையும் நம் உருபும் இவ்விடத்தில் ஒருபடியாகவே மயங்குகின்றன. காரணம் எனக் கொள்வோமாயின், விசுவாசமே நாம் ஈட்டிய புண்ணியமாகிவிடும். வாசலில் விலக்கிய கிரியையைக் கொல்லைப்புறமாய் அழைத்தவராவோம். பிரசங்க பீடத்தில் இத்தவறு அரிதன்று, நாமும் செய்திருக்கிறோம்.

1530ஆம் ஆண்டின் அவுக்ஸ்புர்க் விசுவாச அறிக்கை, நீதிமானாக்கப்படுதலைக் கூறும் 4ஆம் பிரிவில் இம்மயக்கத்துக்கு இடந்தரவில்லை. அங்கே அப்லேட்டிவை விடுத்து, செயப்படுபொருள் வேற்றுமையை ஏற்கும் இரு முன்னிடைச்சொற்கள் ஆளப்பட்டுள்ளன: 'நிமித்தம்' எனப் பொருள்படும் 'ப்ரொப்தெர்', 'வழியாய்' எனப் பொருள்படும் 'பெர்'. முன்னது கிறிஸ்துவின் பெயரோடும், பின்னது விசுவாசத்தோடும் நிற்கிறது.