சுவாசப்பைப் புற்றுநோயும் ஓயாத சங்கும்

ஒருவருக்குச் சுவாசப்பையிற் புற்றுநோய் என்று கேள்விப்பட்டவுடன், "சுருட்டுப் பிடிப்பவரோ?" என்று வினவுவது நம்மவர் வழக்கம். பெரும்பாலோரிடத்தில் அவ்வினா பொருந்தும். புகையிலையே இந்நோயின் முதற் காரணம். ஆயினும் வாழ்நாளிற் சுருட்டைத் தொட்டறியாத பெண்மணிகளும் இதற்கு ஆளாகின்றனர். அவர்களிடம் அவ்வாறு கேட்பது, நோயோடு பழியையும் சுமத்துவதாகும். அவர்களுட் பலரது நோய்க்கு மூலம், கலத்தின் மேற்புறத்திலுள்ள ஒரு புரதத்தில் நேர்ந்த சிறு திரிபே.

நமது திருகோணமலைத் துறைமுகத்தில் ஒரு கப்பல் வருகிறது, சங்கு ஒலிக்கிறது, தொழிலாளர் சுமையிறக்க விரைகின்றனர். கப்பல் போனபின் சங்கும் ஓய்கிறது, துறையும் ஓய்கிறது என்று வைத்துக்கொள்வோம். உடற்கலங்களிலும் இத்தகைய ஏற்பாடு உண்டு. வளர்ச்சிக் காரணி என்னும் புரதமே கப்பல். கலத்தின் மென்சவ்வை ஊடுருவி நிற்கும் வாங்கியே சங்கு. காரணி வந்து பற்றியதும் வாங்கிகள் இரண்டிரண்டாக இணைந்து, பிரிந்து பெருகுமாறு கலத்தினுள்ளே செய்தி அனுப்புகின்றன.

இக்காரணியைக் கண்டவர் அமெரிக்க அறிஞர் ஸ்ரான்லி கோகன். பிறந்த சுண்டெலிக் குட்டிகளுக்கு ஒரு சுரப்பியின் சாற்றை ஏற்றியபோது, அவற்றின் கண்கள் உரிய நாளுக்கு முன்பே திறந்தன. பற்களும் முந்தி முளைத்தன. அந்த விந்தையை விடாது துருவியவர், 1986இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

வாங்கிப் புரதத்தின் 858ஆம் இடத்தில் லியூசின் என்னும் அமினோ அமிலம் இருத்தல் வேண்டும். அங்கே ஆர்ஜினின் புகுந்துவிட்டால், கப்பல் வராமலே சங்கு ஊதத் தொடங்குகிறது. ஏட்டில் ஓர் எழுத்து மாறியது போன்ற பிழைதான். ஆனால் கலம் ஓயாது பெருகுகிறது, மடிய வேண்டிய வேளையில் மடிவதுமில்லை. இத்திரிபு பெரும்பாலும் பெற்றோர் வழி வருவதன்று. வாழ்நாளில் ஏதோ ஒரு கலத்தில் நேர்வது.

அக்கலம் சங்கொலியையே நம்பி வாழ்வதால், ஒலியை அடக்கினால் மடிகிறது. ஜெபிற்றினிப் என்னும் மாத்திரை ஒரு சிலருக்கு மட்டும் வியத்தகு பயன் அளித்ததன் காரணம் இத்தகைய திரிபே என்று 2004இல் பொஸ்ரன், நியூயோர்க் நகர ஆய்வாளர் கண்டனர். சுரப்பிக்கல வகைச் சுவாசப்பைப் புற்றுநோயாளருள், மேனாடுகளில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேரிடத்தும், கிழக்காசியாவில் ஏறத்தாழப் பாதிப்பேரிடத்தும் இது காணப்படுகிறது. சோதித்தாலன்றி யாரிடம் உள்ளதென அறிய இயலாது. ஆகவே இங்கிருந்து மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குச் செல்பவர், "என் கட்டியில் வாங்கி திரிந்துள்ளதா?" என்று வைத்தியரைக் கேட்பது தகும்.

மாத்திரையின் வெற்றியும் நிலையானதன்று. பலருக்கு ஓராண்டளவில் நோய் மீளுகிறது. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேரில், 790ஆம் இடத்துத் திரியோனின் மெதியோனினாக மாறி மருந்தின் பிடியைத் தளர்த்திவிடுகிறது. அதனை வெல்லவே ஒசிமேற்றினிப் வந்தது. 797ஆம் இடத்தில் எழும் மற்றொரு திரிபு, சிலரில் அதற்கும் வழிவிடுவதில்லை.