ஸாஹில் கரையின் ஃபுலானி மேய்ப்பர்கள்

ஸஹாரா பாலைவனத்தின் தென் விளிம்பை ‘ஸாஹில்’ என்பர். ‘கரை’ என்பது இவ்வரபுச் சொல்லின் பொருள். செனகல் முதல் காமரூன் வரையிலும் அதற்கப்பாலும் பரவியுள்ள ஃபுலானி முஸ்லிம்களில் பலர் இன்று ஊர்களில் நிலைத்துவிட்டனர். மந்தை மேய்ப்போரின் வாழ்வோ இக்கரையை ஒட்டியே நடக்கிறது. அவர்களை இலக்கின்றி அலைவோராகச் சித்திரிப்பது சரியன்று. மழைக்காலத்தில் வடக்கே முளைக்கும் ஊட்டமிக்க குறும்புற்களை நாடிச் செல்வர். அறுவடை முடிந்ததும் தெற்கே இறங்கிக் கம்பு, சோளக் கொல்லைகளில் கிடை அமர்த்துவர். மாட்டுக்குத் தட்டை, உழவருக்கு எரு.

1968 முதல் 1974 வரையிலும், பின்னர் 1980களின் முற்பகுதியிலும் நேர்ந்த கடும் வறட்சிகள் இவ்வொழுங்கைக் குலைத்தன. மாடிழந்தோர் விரைந்து பெருகும் ஆடுகளை வளர்த்தனர். சிலர் மரத்தழை தின்று தாக்குப்பிடிக்கும் ஒட்டகத்திற்கு மாறினர். வேறு சிலர் முன்பு செட்சி ஈ பரப்பும் நோய்க்கு அஞ்சி ஒதுங்கியிருந்த தென்திசைப் புல்வெளிகளுக்குள் மேலும் இறங்கினர்.

இவற்றினும் நம் கருத்தைக் கவர்வது, நைஜர் நாட்டின் வொடாபே கிளையினரிடம் உள்ள ‘ஹப்பனாயே’ எனும் வழக்கமாகும். மாடிழந்த உறவினருக்கோ நண்பருக்கோ ஒரு பசுவை இரவலாகக் கொடுப்பர். அது ஈனும் இரண்டு அல்லது மூன்று கன்றுகள் பெற்றவருக்கே உரியவை. பின்னர் தாய்ப்பசு உரியவரிடம் திரும்பும். கொடுத்தவரும் இழப்பதில்லை, அவருடைய மாடுகள் பல திசைகளில் இருப்பதால் ஓரிடத்து வறட்சியில் அனைத்தும் மடிவதில்லை. நபிமொழித் தொகுப்புகளில் சிறப்பித்துரைக்கப்படும் ‘மனீஹா’ ஈண்டு நினைவுக்கு வருகிறது. அது கறவையைப் பாலுக்காக இரவல் தருவது. இதிலோ கன்றுகளும் சேர்கின்றன. ஒன்றிலிருந்து மற்றது பிறந்தது என நாம் கூற வரவில்லை.

மாலியில் நைஜர் ஆற்றின் உட்கழிமுகத்தில், வெள்ளத்தில் வளரும் ‘புர்கு’ புல்லே கோடைத் தீவனம். ஹம்துல்லாஹியைத் தலைநகராகக் கொண்டு 1818 முதல் 1862 வரை நிலவிய மாஸினா அரசு, எம்மந்தை எவ்வழியே, எப்போது அங்கு நுழைய வேண்டும் என்பதை வரையறுத்தது. மேய்ச்சல் நிலக் காவலரான ‘ஜோரோ’க்கள் அம்முறையைப் பிற்காலத்திலும் பேணினர். வறட்சி ஆண்டுகளில் வெள்ளம் குறைந்து புர்கு அருகியது. அந்நிலம் பலவிடங்களில் நெல்வயலாயிற்று. 2015க்குப் பின் மோப்தி வட்டாரத்தில் மூண்ட ஆயுத மோதல்கள் தடங்கள் பலவற்றை அடைத்தன.

வறட்சியில் மலிவாக விற்கப்பட்ட மாடுகளை வணிகரும் அதிகாரிகளும் வாங்கினர். விற்றவர்களில் பலர் அம்மாடுகளையே கூலிக்கு மேய்க்கலாயினர். புல் இருக்கும் திசை தெரிந்தும், மந்தையை அங்கு ஓட்டிச்செல்ல இன்று அவர்கள் உரிமையாளரின் அனுமதியைக் கேட்க வேண்டியுள்ளது.