புகை வெளியேறவும் காற்று உள்ளே வரவும்: சமையலறைச் சிம்னியின் பாதுகாப்பு

கோலார் தங்கவயலின் சுரங்கங்களைப் பற்றி எழுதுவோர் எடுக்கப்பட்ட தங்கத்தையும் தோண்டப்பட்ட ஆழத்தையும் விரிவாகச் சொல்வதுண்டு. அந்த ஆழத்தில் மனிதர் மூச்சுவிட வழிசெய்த காற்றோட்டத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் இறங்கிய சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் அடியில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. வெடிமருந்துப் புகையும் பாறைத்தூசியும் வெப்பமும் கலந்த காற்றை மேலே அனுப்ப ஒரு வழியும், அதற்கு ஈடாக நல்ல காற்று கீழே இறங்க வேறொரு வழியும் இருந்தால்தான் எந்தச் சுரங்கத்திலும் வேலை நடக்கும். வெளியேறும் காற்றுக்கு ஈடான காற்று உள்ளே வராவிட்டால் எத்தனை பெரிய விசிறியும் பயன்படாது என்னும் இவ்விதி, அடுப்புக்கு மேல் பொருத்தப்படும் மின் புகைபோக்கிக்கும் மாற்றமின்றிப் பொருந்துகிறது. மக்கள் வழக்கில் சிம்னி எனப்படும் அந்தக் கருவியை வாங்குவோரில் பலர் விலையையும் உறிஞ்சும் திறனையும் ஒப்பிட்டுப் பார்க்கின்றனரே தவிர, காற்று எவ்வழியே வெளியேறும், எவ்வழியே உள்ளே வரும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

தங்கவயலுக்கு ஏன் இது முக்கியம்

2001ஆம் ஆண்டு பிப்ரவரியில், அச்சுரங்கங்களை நடத்திவந்த பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பின்னும், ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை, மாரிக்குப்பம், ஊர்காம் எனப் பரந்து கிடக்கும் தங்கவயல் குடியிருப்புகளில் பழைய தொழிலாளர் குடும்பங்களும் அவர்களின் வழிவந்தோரும் தொடர்ந்து வாழ்கின்றனர். பாறைத்தூசியில் உள்ள சிலிக்கா நுண்துகள்கள் நுரையீரலில் படிந்து, திசுக்களைத் தழும்பாக்கி, மூச்சின் அளவையே குறுக்கிவிடும் சிலிகோசிஸ் என்னும் நோய் இங்குள்ள தொழிலாளரிடையே பெருமளவில் இருந்ததை 1940களில் நடந்த மருத்துவ ஆய்வுகள் வெளிப்படுத்தின. ஒருமுறை தழும்பேறிய நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. ஆகவே முதிய சுரங்கத் தொழிலாளர் வாழும் வீட்டில் தாளிப்பின் நெடியும் வறுவலின் புகையும் வெறும் அசௌகரியம் அல்ல. அவை ஏற்கெனவே குறைந்துபோன மூச்சின் மீது ஏற்றப்படும் கூடுதல் சுமையாகும்.

நோயற்றவர்க்கும் சமையல் புகை தீங்கற்றது என்று சொல்ல இயலாது. விறகு, வரட்டி, கரி, மண்ணெண்ணெய் முதலியவற்றை எரிப்பதால் வீட்டுக்குள் உண்டாகும் காற்று மாசு 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் உயிரிழப்புகளுக்குக் காரணமானது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. எரிவாயுவுக்கு மாறினால் அந்தப் புகையின் பெரும்பகுதி நீங்குகிறது என்றாலும், எரிவாயுச் சுடரில் நைட்ரஜன் டை ஆக்ஸைடும், காற்று போதாத இடத்தில் கார்பன் மோனாக்ஸைடும் உண்டாகின்றன. எண்ணெய் மிகச் சூடேறும்போது எழும் புகையோ எந்த அடுப்பிலும் எழத்தான் செய்யும். மிகுந்த வெப்பத்தில் பொரிக்கும்போது எழும் ஆவியைப் புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும் எனப் பெரிதும் கருதத்தக்கவற்றின் வகையில் சேர்த்துள்ளது.

அடுப்புப் புகையை வெளியேற்றும் முயற்சி இந்தியாவுக்குப் புதிதன்று. ஹைதராபாத்தில் எஸ். பி. ராஜு வடிவமைத்த புகையில்லா அடுப்பைப் பற்றிய நூல் 1953இல் சென்னையில் வெளியாயிற்று. பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அஸ்த்ரா பிரிவு, கர்நாடகக் கிராமங்களுக்கென மூன்று பாத்திரங்கள் வைக்கத்தக்க, புகைக்குழாய் இணைந்த விறகடுப்பை உருவாக்கியது. சூடான புகை தானே மேலெழும் இயல்பை மட்டுமே நம்பிய அந்த ஏற்பாடுகளின் இடத்தில், இன்று மின்விசிறியின் வலுவில் இயங்கும் சிம்னி வந்துள்ளது.

வகையும் அளவும்

சந்தையில் உள்ள சிம்னிகளில் இருவகை உண்டு. புகையை உறிஞ்சிக் குழாய் வழியே வீட்டுக்கு வெளியே தள்ளுவது ஒன்று. உறிஞ்சிய காற்றைக் கரித்தூள் அடைத்த வடிகட்டியின் வழியே செலுத்தி, மீண்டும் அதே அறைக்குள் விடுவது மற்றொன்று. இரண்டாம் வகை எண்ணெய்ப் பிசுக்கையும் நெடியையும் ஓரளவு பிடித்துவைக்கும்; ஆனால் வெப்பத்தையும் ஈரத்தையும் கார்பன் மோனாக்ஸைடையும் அது அகற்றுவதில்லை, கரி வடிகட்டியையும் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். எரிவாயு அடுப்பு உள்ள வீட்டுக்குக் குழாய் வழியே வெளியேற்றும் வகையே தகும்.

சிம்னியின் திறன் ஒரு மணி நேரத்தில் எத்தனை கனமீட்டர் காற்றை அது நகர்த்தும் என்பதால் அளக்கப்படுகிறது. சமையலறைக் காற்று மணிக்கு 10 முதல் 15 முறை மாற வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 3 மீட்டர் நீளமும் 2.5 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் கொண்ட அறையின் கொள்ளளவு 22.5 கனமீட்டர் ஆதலால், அதற்கு மணிக்கு 225 முதல் 340 கனமீட்டர் வரை போதும். குழாயின் நீளமும் வளைவும் அடைப்பும் திறனைக் குறைக்கும் என்பதற்காகச் சற்றுக் கூட்டி வாங்கலாம்; எனினும் தொழிலாளருக்கென வரிசையாகக் கட்டப்பட்ட லைன் வீடு ஒன்றின் சிறிய சமையலறைக்கு 1,200 கனமீட்டர் திறனுள்ள கருவியை வாங்குவது இரைச்சலையும் செலவையும் கூட்டுவதோடு, அறையின் காற்றழுத்தத்தையும் ஆபத்தான அளவுக்குக் குறைக்கக் கூடும். அகலத்தைப் பொறுத்தவரை சிம்னி அடுப்பைவிடக் குறுகலாக இருத்தல் கூடாது. இரண்டு அல்லது மூன்று பர்னர் அடுப்புக்கு 60 சென்டிமீட்டர் அகலமே பெரும்பாலும் போதுமானது.

பொருத்தும் முறை

எரிவாயு அடுப்பின் மேற்பரப்புக்கும் சிம்னியின் அடிப்பகுதிக்கும் இடையே குறைந்தது 65 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். தயாரிப்பாளரின் கையேடு அதைவிடக் கூடுதலான உயரத்தைக் குறிப்பிட்டிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். மிகத் தாழ்ந்தால் வடிகட்டியில் படிந்த எண்ணெய் தீப்பற்றும்; 75 சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்துவிட்டால் புகை சிம்னியை அடையுமுன் பக்கங்களில் பரவிவிடும்.

கருவியின் எடையைத் தாங்கும் வலு சுவருக்கு உண்டா என்பதை முதலில் பார்க்க வேண்டும். மண்சாந்தில் கட்டிய பழைய சுவர்களில் சாதாரணத் திருகாணி நாளடைவில் தளர்ந்துவிடும் ஆதலால், சுவரின் தன்மைக்கேற்ற விரியும் ஆணியைப் பயன்படுத்துவதோ, தரையில் ஊன்றிய இரும்புச் சட்டத்தில் கருவியைப் பொருத்துவதோ நல்லது. ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நார்த் தகடு வேய்ந்த வீடுகளில் குழாய்க்கென அந்தத் தகட்டைத் துளைப்பதும் அறுப்பதும் அறவே கூடாது. அப்போது பறக்கும் கல்நார் இழைகள் நுரையீரலில் தங்கி, பல ஆண்டுகளுக்குப் பின் தழும்பாகவும் புற்றுநோயாகவும் வெளிப்படும். தூசியால் ஏற்கெனவே நிறைய இழந்துவிட்ட ஊரில் இந்த எச்சரிக்கையை எத்தனை முறை சொன்னாலும் தகும். அத்தகைய வீட்டில் சுவர் வழியாகவோ, சன்னலின் ஒரு கண்ணாடியை எடுத்துவிட்டு அங்கே பொருத்திய உலோகத் தகட்டின் வழியாகவோ குழாயை வெளியே கொண்டுசெல்லலாம். சுவரை உடைக்க உரிமையோ விருப்பமோ இல்லாதவர்க்கும் இம்முறை ஏற்றது.

குழாய் உலோகத்தால் ஆனதாகவும், கருவியின் வாய்க்கு ஒத்த விட்டம் உடையதாகவும் இருக்க வேண்டும். 15 சென்டிமீட்டர் விட்டம் தேவைப்படும் இடத்தில் 10 சென்டிமீட்டர் குழாயைப் போட்டால் காற்று செல்லும் பரப்பு பாதிக்கும் கீழே குறைந்து, மோட்டார் சூடேறி, இரைச்சலும் மிகும். பி.வி.சி. குழாய் வெப்பத்தில் இளகும், தீயில் நச்சுப்புகை விடும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். குழாய் இயன்றவரை குறுகியதாகவும் இரண்டு வளைவுகளுக்கு மிகாததாகவும், மழைநீர் உள்ளே இறங்காதபடி வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்தும் அமைய வேண்டும். வெளிமுனையில், காற்று தள்ளும்போது திறந்து, அது நின்றதும் மூடிக்கொள்ளும் மடிப்புத் தகடு இருந்தால் காற்றும் பூச்சியும் உள்ளே வாரா. பொய்க்கூரைக்கு மேலேயோ, பக்கத்து வீட்டின் சன்னலை நோக்கியோ, கேஸ் கீசரின் புகைக்குழாயோடு சேர்த்தோ இக்குழாயை முடிப்பது பிழை. லைன் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்பவை ஆதலால், ஒரு வீட்டின் புகை அடுத்த வீட்டின் மூச்சாகிவிடாதபடி பார்த்துக்கொள்வது அண்டை வீட்டாருக்குச் செய்யும் கடமையுமாகும்.

சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவைக் கடந்து 1902இலேயே மின்சாரம் வந்து சேர்ந்த பகுதி தங்கவயல். எனினும் வீடுகளின் பழைய வயரிங்கில் எர்த் இணைப்பு சரியாக உள்ளதா என்பதைத் தகுதிபெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதித்த பின்னரே சிம்னியை இணைக்க வேண்டும். உலோக உடலும் எண்ணெயும் ஈரமும் சேருமிடத்தில் மின்கசிவு உயிருக்கே உலை வைக்கும். எர்த் உள்ள மூன்றுமுனைப் பிளக், தனி சுவிட்சு, 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி ஆகிய மூன்றும் தேவை. நீட்டிப்பு வயரில் சிம்னியை இயக்கக் கூடாது.

உள்ளே வரும் காற்று

பொருத்துவோர் பெரும்பாலும் மறந்துவிடும் பகுதி இதுவே. மார்கழிக் குளிரில் கதவையும் சன்னலையும் அடைத்துவிட்டுச் சிம்னியை ஓட்டினால் அறைக்குள் காற்றழுத்தம் தாழ்கிறது. தாழ்ந்த அழுத்தத்தை ஈடுசெய்ய, காற்று எந்த இடுக்கின் வழியாகவேனும் உள்ளே நுழையும். வீட்டில் விறகால் எரியும் வெந்நீர் அடுப்போ புகைக்குழாய் உள்ள கேஸ் கீசரோ இயங்கிக்கொண்டிருந்தால், வெளியே செல்ல வேண்டிய அதன் கழிவுவாயு திரும்ப உள்ளே இழுக்கப்படும். அதில் உள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் மணமும் இல்லாமையால், தலைவலியும் மயக்கமும் வந்த பிறகுகூட காரணம் புலப்படாது. இதனாலேயே, இத்தகைய கருவிகளோடு ஒரே நேரத்தில் சிம்னி இயங்கும்போது அறையின் அழுத்தம் 4 பாஸ்கலுக்கு மேல் குறையக் கூடாது என்று பன்னாட்டுத் தரநிர்ணயம் வரையறுக்கிறது. பாஸ்கல் என்பது அழுத்தத்தின் மிகச் சிறிய அலகு. அத்தனை சிறிய வேறுபாடே புகையின் திசையைத் திருப்பிவிடப் போதுமானது.

தீர்வு எளியது. சிம்னி ஓடும் நேரமெல்லாம் சமையலறைக்குக் காற்று வரும் ஒரு திறப்பு இருக்க வேண்டும். அது 15 சென்டிமீட்டர் குழாயின் வாய்ப்பரப்பான சுமார் 177 சதுர சென்டிமீட்டருக்குக் குறையாமலும், இயன்றால் அதைப்போல் இருமடங்காகவும் இருப்பது நன்று. சயனைடு மேடுகள் எனப்படும் சுரங்கக் கழிவுமண் குன்றுகளிலிருந்து காற்றுக்காலத்தில் தூசி பறந்துவரும் தங்கவயலில், அந்தத் திறப்பு மேடுகளை நோக்கியிராத பக்கத்தில் அமைவது மேலும் நன்று. திறப்பு அடுப்புக்கு நேர் எதிரேயும் இருக்கக் கூடாது. குறுக்கே வீசும் காற்று சுடரை அணைப்பதோடு, புகையைச் சிம்னியிடமிருந்து விலக்கியும் விடும்.

பராமரிப்பும் எச்சரிக்கையும்

அடுப்பை ஏற்றுவதற்குச் சற்று முன்பே சிம்னியை இயக்கி, சமையல் முடிந்த பின்னும் பத்து நிமிடம் ஓடவிட வேண்டும். மிகுந்த புகை எழும் வறுவலைச் சுவரோரப் பர்னரில் செய்தால் சிம்னி அதை எளிதில் பிடிக்கும். ஒரு மெல்லிய காகிதத்தை வடிகட்டியின் அடியில் பிடித்தால் அது ஒட்டிக்கொள்ள வேண்டும். தளர்ந்து விழுந்தால் வடிகட்டியிலோ குழாயிலோ அடைப்பு உண்டென்று பொருள்.

வலைபோன்ற வடிகட்டி விரைவில் அடைபடும் ஆதலால் அதை வாரம் அல்லது இருவாரத்துக்கு ஒருமுறையும், வளைந்த தகடுகளில் காற்று மோதித் திரும்பும்போது எண்ணெயைப் பிரித்தெடுக்கும் பேஃபிள் வடிகட்டியை மாதம் ஒருமுறையேனும் கழுவ வேண்டும். பிளக்கை எடுத்துவிட்டு, வடிகட்டியைக் கழற்றி, பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, மென்மையான தூரிகையால் தேய்த்து, நன்கு உலர்ந்த பின் பொருத்த வேண்டும். அலுமினிய வடிகட்டியில் காஸ்டிக் சோடாவைப் பயன்படுத்தினால் உலோகம் அரிக்கப்படுவதுடன் எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவும் வெளிப்படும். தானே சுத்தம் செய்துகொள்ளும் என விற்கப்படும் சிம்னிகள் வெப்பத்தால் எண்ணெயை இளக்கிக் கிண்ணத்தில் சேர்க்கின்றனவே அன்றி, குழாயைச் சுத்தம் செய்வதில்லை. ஆகவே கிண்ணத்தை அவ்வப்போது காலிசெய்வதோடு, ஆண்டுக்கு ஒருமுறையேனும் குழாயையும் விசிறியையும் பழுதுபார்ப்பவரைக் கொண்டு துப்புரவாக்க வேண்டும்.

வாணலியில் தீப்பற்றினால் அடுப்பையும் சிம்னியையும் உடனே நிறுத்தி, பாத்திரத்தை உலோக மூடியால் மூட வேண்டும். ஓடும் சிம்னி சுடரைக் குழாய்க்குள் இழுக்கும், எரியும் எண்ணெயில் ஊற்றிய நீரோ தீயைத் தெறிக்கவைக்கும். எரிவாயு கசியும் மணம் வந்தால், அதை வெளியேற்றும் எண்ணத்தில் சிம்னியைப் போடவே கூடாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது ஆதலால் தரையோரம் தேங்கும், உயரத்திலுள்ள சிம்னி அதை எட்டாது; சுவிட்சில் எழும் சிறு பொறியோ வெடிப்புக்குப் போதும். ரெகுலேட்டரை மூடி, எந்த மின் சுவிட்சையும் தொடாமல், கதவு சன்னல்களைத் திறந்து வெளியேறிய பின் 1906 என்னும் எரிவாயு அவசர எண்ணை அழைக்க வேண்டும்.

சிம்னி வாங்க வசதியில்லாத வீட்டில், உயரத்தில் பொருத்திய ஒரு எக்ஸாஸ்ட் விசிறியும் திறந்த சன்னலும் பெரும்பகுதி பயனைத் தரும். விலையுயர்ந்த சிம்னியை வாங்கிவிட்டுச் சன்னலை அடைத்துவைக்கும் வீட்டைவிட அந்த வீடே பாதுகாப்பானது. பூமிக்கடியில் தூசியைச் சுவாசித்தே வாழ்நாளைக் கழித்தவர்களுக்கும் அவர்களுக்குச் சமைப்பவர்களுக்கும் தூய காற்று கிடைக்கச் செய்வது ஒவ்வொரு குடும்பத்தின் பொறுப்பாகும். சிம்னி வைத்திருப்போர் இன்றே வடிகட்டியைக் கழற்றிப் பார்க்கட்டும். வாங்க எண்ணுவோர் கடைக்குச் செல்லுமுன், புகை வெளியேறும் வழியையும் காற்று உள்ளே வரும் வழியையும் முடிவு செய்துகொள்ளட்டும்.