எண்ணெய் மணல்மேல் ஒரு வீடு

2007, 2008 வாக்கில் அல்பேர்டாவின் எண்ணெய் மணல் ஊரான ஃபோர்ட் மக்மரிக்குப் போனவரை வேலை தேடிவந்தது. படுக்க இடம்தான் தேடியும் கிடைக்கவில்லை. இரண்டு படுக்கையறை அப்பார்ட்மென்டின் வாடகை மாதம் 2,000 டொலரைத் தாண்டி, ரொறன்ரோவையும் வான்கூவரையும் பின்னுக்குத் தள்ளி, கனடாவிலேயே முதலிடத்தில் நின்றது. அந்தக் காசைக் கொடுக்க ஆயத்தமாக இருந்தவர்களுக்கும் வீடு அகப்படவில்லை. பேஸ்மென்டில் ஓர் அறை, அது இல்லாவிட்டால் கராஜ், அதுவும் இல்லாவிட்டால் முகாம் மைதானத்தில் நிறுத்திய ட்ரெயிலர். மைனஸ் 40க்குப் போகும் இரவுகளில் காரின் எஞ்சின் உறையாமல் இருக்கவே வயர் செருகிவைக்க வேண்டிய ஊர் அது. அங்கே தகர ட்ரெயிலருக்குள் ஆட்கள் குளிர்காலத்தைக் கழித்தார்கள். மணிக்கு இவ்வளவு என்று சொன்ன சம்பளம் அதையும் பொறுக்க வைத்தது.

இன்று அந்த ஊரில் விற்பனைக்கு வீடுகள் இருக்கின்றன. ரொறன்ரோவில் விலை கேட்டுப் பழகியவருக்கு அங்கே கேட்கும் விலை பாதியாகவும் அதற்குக் குறைவாகவும் தெரியும். 2022க்குப் பிறகு ஒன்ராறியோவை விட்டு அல்பேர்டாவுக்குப் போகிறவர்கள் மிகவும் கூடியிருக்கிறார்கள். தமிழ்க் குடும்பங்களும் அவர்களில் உண்டு. பெரும்பாலானவர்கள் கல்கரியிலோ எட்மன்டனிலோ நின்றுவிடுகிறார்கள். எட்மன்டனிலிருந்து இன்னும் 435 கிலோமீற்றர் வடக்கே, 63ஆம் இலக்க நெடுஞ்சாலை பிடித்துப் போகிற சிலரை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

ஊர் எப்படி இந்த நிலைக்கு வந்தது என்று தெரியாமல் அங்கே வீடு வாங்கக்கூடாது. அதபாஸ்காவும் கிளியர்வாட்டரும் கூடுமிடத்தில் 1870இல் அமைந்த தோல் வியாபாரக் கொட்டில்தான் தொடக்கம். கோடை வெயிலில் ஆற்றங்கரை மணலிலிருந்து தார் கசியும். கிறீ மக்கள் அதை எடுத்துத் தங்கள் ஓடங்களின் இடுக்குகளை அடைத்தார்கள். அந்தத் தாரை மணலிலிருந்து சுடுநீரால் பிரிக்கும் முறையை கார்ல் கிளார்க் 1920களில் செப்பம் செய்தார். ஆனாலும் 1966இல் ஊரில் இருந்தவர்கள் மூவாயிரத்துக்கும் குறைவு. 1967 செப்டெம்பரில் கிரேட் கனேடியன் ஆயில் சாண்ட்ஸ் ஆலை திறந்தது. இன்றைய சன்கோர் நிறுவனத்தின் மூலம் அதுதான். 1978இல் சின்குரூட் ஆலை வந்தது. 1981க்குள் சனத்தொகை 31,000.

முதல் பெருக்கத்தின் முடிவையும் அந்தத் தலைமுறை பார்த்தது. அடுத்து வருவதாக இருந்த அல்சாண்ட்ஸ் என்ற பெரும் திட்டம் 1982இல் கைவிடப்பட்டது. அதற்கு முந்திய வருடம் வீட்டுக்கடன் வட்டி 20 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. 1986இல் எண்ணெய் விலை சரிந்தது. அல்பேர்டா எங்கும் வீட்டின் பெறுமதியைவிடக் கடன் பெரிதாகிவிட்ட குடும்பங்கள், ஒரு டொலருக்கு வீட்டை யாரோ ஒருவர் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறின. வாங்கியவர் கடனைக் கட்டாமல், வங்கி வந்து வீட்டை எடுக்கும்வரை வாடகையை மட்டும் வாங்கிக்கொண்டிருந்தார். 'டொலர் டீல்' என்ற பெயர் அங்குள்ள பழையவர்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இரண்டாவது பெருக்கம் 1990களின் கடைசியில் கிளம்பியது. 1992இல் கொட் மீன்பிடி தடைசெய்யப்பட்டபின் தொழிலிழந்த நியூஃபவுண்ட்லாந்துக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். பிறகு பிலிப்பைன்ஸ், இந்தியா, சோமாலியா என்று உலகமே வந்தது. ஆட்கள் வந்த வேகத்துக்கு வீடு வராததற்குக் காரணம் நிலம். ஊரைச் சுற்றி இருப்பது சதுப்பும் ஆற்றுப் பள்ளத்தாக்கும். கட்டக்கூடிய நிலமோ பெரும்பாலும் மாகாண அரசின் கையில். அரசு அதைத் துண்டு துண்டாகத்தான் விட்டது. 2006 டிசம்பரில் வந்த ராட்கே அறிக்கை, ஆலைகளை அனுமதித்த அரசு வீட்டுக்கும் தண்ணீருக்கும் தெருவுக்கும் ஆயத்தம் செய்யவில்லை என்பதை அரசிடமே எடுத்துச் சொன்னது. அந்தத் தட்டுப்பாட்டின் விலையை வீடு வாங்கியவர்களே கட்டினார்கள். 2014 வாக்கில் தனிவீட்டின் சராசரி விலை ஏழு லட்சம் டொலருக்கு மேல்.

அவசரத்தில் கட்டியவற்றின் தரத்துக்கும் ஒரு சாட்சி உண்டு. 2011 மார்ச்சில், பென்ஹார்வுட் தெருவில் 168 வீடுகள் கொண்ட கொண்டோ தொகுதி பாதுகாப்பற்றது என்று கண்டு, குடியிருந்தவர்களை ஓர் இரவில் வெளியேற்றினார்கள். கட்டி முடித்துப் பத்து வருடம்கூட ஆகாத கட்டடங்கள். அவை கடைசியில் இடிக்கப்பட்டன. இடிந்த வீட்டுக்கும் மோர்ட்கேஜ் தொடர்ந்தது.

2014 ஜூனில் ஊரின் புதிய விமான நிலையக் கட்டடம் திறக்கப்பட்டபோது எண்ணெய் பீப்பாய் 100 டொலருக்கு மேல் விற்றது. வருட முடிவில் ஏறக்குறைய அதில் பாதி. 2016 தொடக்கத்தில் 30 டொலருக்கும் கீழே. அந்த வருடமே மே 3ஆம் திகதி காட்டுத்தீ ஊருக்குள் புகுந்தது. 88,000 பேர் ஒரே நெடுஞ்சாலையால் வெளியேறினார்கள். தெற்கே வழி அடைபட்டவர்கள் வடக்கே ஆலை முகாம்களுக்கு ஓடினார்கள். தீயில் ஒருவரும் சாகவில்லை. வெளியேறும் வழியில் வாகன விபத்தில் இருவர் இறந்தார்கள். ஏறக்குறைய 2,400 கட்டடங்கள் சாம்பலாகின. பீக்கன் ஹில், அபசாண்ட், வாட்டர்வேஸ் என்ற மூன்று குடியிருப்புகள் உருக்குலைந்தன. 2020 ஏப்ரலில் ஆற்றுப் பனிக்கட்டி பெயர்ந்து அடைத்துக்கொண்டதில் டவுன்டவுன் வெள்ளத்தில் மூழ்கி 13,000 பேர் வெளியேறினார்கள். அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் அமெரிக்க எண்ணெய் விலை பூச்சியத்துக்கும் கீழே போயிருந்தது. வேலைவெட்டும் தீயும் வெள்ளமும் ஆறு வருடத்துக்குள். 2014இல் வாங்கியவர்களில் பலர் வாங்கிய விலைக்குக் கிட்டவும் விற்க முடியவில்லை. பல கொண்டோக்கள் பாதி விலைக்கும் கீழே கைமாறின.

இப்போதுள்ள ஊர் வேறு ஊர். 2021 கணக்கெடுப்பில் 68,000 பேர். 2012இல் ஏழு பேரை ஒரே விபத்தில் பலியெடுத்த 63ஆம் இலக்க நெடுஞ்சாலையின் ஒற்றைப் பாதை, 2016இல் இரட்டைப் பாதையாகிவிட்டது. மக்டொனால்ட் தீவில் நீச்சல் குளமும் நூலகமும் பனிவிளையாட்டு அரங்கும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. காலை ஐந்து மணிக்கு டிம்பர்லீயின் தெருமுனைகளில் பனிச்சப்பாத்தும் சாப்பாட்டுப் பையுமாக ஆட்கள் நிற்பார்கள். ஆலை பஸ் வந்து 12 மணிநேர ஷிஃப்டுக்கு ஏற்றிப்போகும். பக்கத்து வீட்டு வாசலில் நிற்கும் பிக்கப்பில் ஓர் ஆள் உயரத்துக்கும் மேலான கம்பும் அதன் நுனியில் கொடியும் இருக்கும். சுரங்கத்தில் 400 தொன் ஏற்றும் லொறியின் சாரதி கீழே நிற்கும் பிக்கப்பைக் காண்பதற்கான ஏற்பாடு அது.

பெரிய மாற்றம் வேலையில் நடந்தது. அன்று ஊரை நிரப்பியவர்கள் ஆலை கட்ட வந்தவர்கள். இன்று இருப்பவர்கள் ஆலையை ஓட்டுகிறவர்கள். கடைசியாக வந்த பெரிய சுரங்கம் ஃபோர்ட் ஹில்ஸ், 2018இல். அடுத்து வருவதாக இருந்த ஃபிரொன்டியர் திட்டத்தை 2020 பெப்ரவரியில் டெக் நிறுவனமே மீளப் பெற்றுக்கொண்டது. ஷேல் கிணற்றின் உற்பத்தி சில வருடத்தில் பெரிதும் குறைந்துவிடும். எண்ணெய் மணல் சுரங்கம் பத்தாண்டுக் கணக்கில் ஒரே அளவில் தரும். அதனால் இன்றைய வேலைகள் அன்றைய வேலைகளைவிட நிலையானவை. ஆனால் கூடப்போவதில்லை. 2018 தொடக்கம் சாரதி இல்லாத லொறிகள் சுரங்கங்களுக்குள் வந்துகொண்டிருக்கின்றன. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது ஒன்று: விலை ஏறும் என்ற நம்பிக்கையில் அங்கே வீடு வாங்க இன்று ஒரு காரணமும் இல்லை. குடியிருக்க வாங்குவதற்குக் காரணங்கள் உண்டு.

ஸ்காபரோவிலிருந்து தெரிந்த தம்பி ஒருவர் எடுத்த தொலைபேசி அழைப்பில்தான் இதெல்லாம் எனக்குக் கோவையாகியது. அவருக்குப் பவர் இன்ஜினியர் சான்றிதழோடு ஆலையில் வேலை கிடைத்திருந்தது. மனைவி தாதி, இரண்டு பிள்ளைகள்.

"அண்ணை, அங்க வாடகைக்குக் குடுக்கிற காசிலயே மோர்ட்கேஜ் கட்டலாம்போல கிடக்கு. போன கையோட வாங்கினா என்ன?"

"வாடகைக்கும் மோர்ட்கேஜுக்கும் மட்டும் கணக்குப் பாக்காதையும் தம்பி," என்றேன். "வேலை போனா வீடு என்ன விலைக்குப் போகும் எண்டும் பாரும்."

ரொறன்ரோவில் ஒருவருக்கு வேலை போனால் வீட்டை விற்றாவது மீளலாம். வாங்க வேறு ஆயிரம் தொழில்காரர் இருக்கிறார்கள். ஃபோர்ட் மக்மரியில் சம்பளமும் வீட்டு விலையும் ஒரே கிளையில் தொங்கும் இரண்டு ஊஞ்சல்கள். உமக்கு வேலை போகும் வாரத்தில் தெருவில் இன்னும் பத்துப் பேருக்குப் போயிருக்கும். பத்து வாசலிலும் விற்பனைப் பலகை ஏறும். இதனால்தான் மனைவியின் வேலையைப் பற்றி அவரிடம் அதிகம் கேட்டேன். ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் எண்ணெய் விலை விழுந்த வாரத்தில் ஆள் குறைப்பதில்லை. வீட்டில் ஒரு சம்பளமாவது அப்படி இருந்தால் வாங்குவதற்கு அது நல்ல ஆதாரம். கட்டுமான ஒப்பந்தத்திலோ, ஆலை பராமரிப்புக்கு மூடும் சில வாரத்துக்கோ போகிறவர் வாங்கவே கூடாது என்பேன்.

முன்பணம் எவ்வளவு என்பது அங்கே வட்டியோடு முடியும் விஷயம் அல்ல. கனடாவில் 20 சதவீதத்துக்குக் குறைவாகப் போட்டு வாங்கினால் கடனுக்குக் காப்புறுதி எடுக்க வேண்டும். கட்டணம் நமது, பாதுகாப்பு வங்கிக்கு. அல்பேர்டாவில் இதற்கு இன்னொரு விளைவு உண்டு. காப்புறுதி இல்லாத சாதாரண வீட்டுக்கடனை ஒரு தனிநபர் கட்ட முடியாமல் போனால் வங்கி வீட்டை எடுத்துக்கொள்ளலாம். மிச்சக் கடனுக்கு அவரது சம்பளத்தையோ சேமிப்பையோ தொட மாகாணச் சட்டம் விடாது. காப்புறுதியோடு எடுத்த கடனுக்கு அந்தக் காவல் இல்லை. வீடு போனபிறகும் பாக்கி துரத்தும். விலை இப்படி ஏறி இறங்கும் ஊரில் 5 சதவீதம் போட்டு வாங்குவதற்கும் 20 சதவீதம் போட்டு வாங்குவதற்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. கையெழுத்துப் போடுமுன் ஒரு சட்டத்தரணியிடம் இதை மட்டும் கேட்க ஒரு மணிநேரம் ஒதுக்கலாம்.

நல்ல பக்கமும் உண்டு. ரொறன்ரோவில் வீடு வாங்கினால் மாகாணத்துக்கும் மாநகரத்துக்குமாக இரண்டு நிலமாற்று வரி. அல்பேர்டாவில் பதிவுக் கட்டணம் மட்டும். அந்த நகராட்சியின் வரியில் பெரும்பங்கை ஆலைகளே கட்டுவதால் வீட்டு வரியும் குறைவு. அதோடு அங்குள்ள விலைக்குக் கொண்டோவைத் தவிர்த்துத் தனிவீட்டுக்குப் போகலாம். கொண்டோவில் கூரையோ அத்திவாரமோ பிழைத்தால் எல்லா உரிமையாளரும் சேர்ந்து கட்டும் விசேட அறவீடு வரும். விலை விழுந்த காலத்தில் பக்கத்து வீட்டுக்காரர் கட்டாமல் போனால் அதுவும் மற்றவர்கள் தலையில்தான்.

தீயையும் வெள்ளத்தையும் விலைப் பட்டியலில் எழுத மாட்டார்கள். டவுன்டவுன் தாழ்நிலத்தில் வீடு பார்த்தால், பேரம் பேசுமுன் வெள்ளக் காப்புறுதி தருவார்களா என்று கேட்க வேண்டும். மேட்டிலுள்ள அபசாண்டும் பீக்கன் ஹில்லும் வெள்ளத்துக்குத் தப்பும். ஆனால் 2024 மேயில் மீண்டும் தீ நெருங்கி, அங்கிருந்த ஆயிரக்கணக்கானவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டு ஓட வேண்டியிருந்தது. இந்த முறை வீடுகள் தப்பின. அந்தத் தெருக்களில் நிற்பவற்றில் பல 2016 தீக்குப் பிறகு கட்டிய புது வீடுகள். காப்புறுதியும் கிடைத்தால் நான் அவற்றை ஒதுக்க மாட்டேன்.

குடும்பத்தை எட்மன்டனில் வைத்துவிட்டு ஆலை முகாமில் தங்கி, வேலை முறை முடிய வீடு திரும்பும் வழியும் உண்டு. 2015இல் 43,000 பேரும் 2018இல் 36,000 பேரும் நிரந்தரமாகக் குடியேறாமல் அந்தப் பிரதேசத்தில், பெரும்பாலும் முகாம்களில், தங்கியிருந்ததாக நகராட்சியே கணக்கெடுத்தது. காசுக் கணக்கில் அது வெல்லும். ஆனால் பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும் வீட்டில் மாதத்தில் பாதி நாள் தகப்பன் இல்லாமலிருப்பதை நான் ஒருவருக்கும் சொல்லமாட்டேன். சம்பளத்துக்காக ஊர் மாறுகிறோம். குடும்பமும் சேர்ந்து மாறட்டும்.

தம்பி குடும்பம் டிம்பர்லீயில் வாடகைக்கு இறங்கியது. ஒரு முழுக் குளிர்காலத்தை அங்கே இருந்து பார்த்துவிட்டு வாங்குவது என்று முடிவு. மனைவிக்கு ஆஸ்பத்திரியில் நிரந்தர வேலை கிடைத்துவிட்டது. இப்போது அவர்கள் பார்ப்பது அபசாண்டில், தீக்குப் பிறகு கட்டிய ஒரு வீடு. பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகலாம், ஆலை பஸ்ஸும் கிட்ட நிற்கும். 20 சதவீதம் சேர இன்னும் கொஞ்சம் வேண்டும். சேர்த்துப்போட்டே வாங்குங்கோ என்றேன். மனைவியும் அதையேதான் அவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.