முட்டைக்கு ஒரு முகம்

சேர்வராயன் மலையடிவாரத்திலிருந்து காவேரிக் கரை வரையில் பரந்து கிடக்கும் சேலம், நாமக்கல் சமவெளியில் விளைகிற பண்டங்களையும், அங்கே அடுப்பில் வேகிற, எண்ணெயில் பொரிகிற தின்பண்டங்களையும் சித்திரக்காரனின் கண்கொண்டு பார்க்கிறவர்களுக்கு ஒரு விசேஷம் விரைவில் புலனாகும். அவற்றில் பெரும்பாலானவை வட்டத்துக்குள்ளோ உருண்டைக்குள்ளோ அடங்கிவிடுகின்றன. நாமக்கல் பண்ணைகளிலிருந்து லாரி லாரியாகக் கேரளத்துக்கும், கப்பலேறி அயல் தேசங்களுக்கும் போகிற முட்டை, சேலத்துக் குண்டு மாம்பழம், மரவள்ளிக் கிழங்கின் மாவை உருட்டி, வறுத்து, வெயிலில் உலர்த்தி எடுக்கிற ஜவ்வரிசி, மாலை நேரத்தில் தள்ளுவண்டிகளைச் சுற்றிக் கூட்டம் சேர்க்கிற தட்டுவடை செட், நாமக்கல் ஆஞ்சநேயருக்கு மாலையாகக் கோத்துச் சாத்துகிற வடை என்று எதை எடுத்துக்கொண்டாலும், குழந்தை முதன்முதலாகப் பென்சில் பிடிக்கும்போது யாரும் சொல்லிக்கொடுக்காமலே போடுகிற அந்த வட்டமே அதன் உருவமாக அமைந்திருக்கிறது. தின்பண்டத்துக்குக் கண்ணும் வாயும் வைத்து, பார்த்தவர் முகத்தில் புன்னகை வரவழைக்கிற சின்னஞ்சிறு சித்திரங்களை எழுதுகிற கலைக்கு இதைக் காட்டிலும் உகந்த சீமை வேறு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்தக் கலை இன்று டேப்லெட்டின் கண்ணாடிப் பரப்பின்மேல் செழித்து வளர்ந்திருக்கிறது. பள்ளி மாணவர்களிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியைகள் வரை எத்தனையோ பேர், தாளும் வர்ணமும் தேடாமல், பேனா போன்ற ஒரு கோலைக் கையில் எடுத்துக்கொண்டு கண் சிமிட்டும் கேக்கையும் கன்னம் சிவந்த ஸ்ட்ராபெரியையும் வரைந்துகொண்டிருக்கிறார்கள். இதில் ஆட்சேபிக்க ஒன்றுமில்லை. ஆயினும், வீட்டுக்குப் பின்னால் மாமரம் நிற்க, கண்ணால் கண்டிராத பனிப்பிரதேசத்துப் பழத்துக்கு நம் குழந்தை முகம் வரைகிறது என்றால், அதன் கை பயில்கிறதே தவிர கண் பயிலவில்லை என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

பண்டத்துக்கு முகம் வைக்கிற இந்த வழக்கத்தை ஒரு பெரிய தொழிலாகவே வளர்த்தவர்கள் ஜப்பானியர்கள். ஹலோ கிட்டி என்ற பூனைப் பொம்மையை 1974-இல் அறிமுகம் செய்த சான்ரியோ என்னும் கம்பெனி, 2013-இல் உணவுப் பண்டங்களைப் பாத்திரங்களாக்கி ஒரு போட்டி நடத்தியது. அதில் முதலிடம் பெற்றது ஒரு சால்மன் மீன் துண்டு. இரண்டாவதாக வந்தது ஒரு முட்டையின் மஞ்சள் கரு. குடேதாமா என்று பெயரிடப்பட்ட அந்த மஞ்சள் கரு, எழுந்திருக்கவும் மனமில்லாமல் வெள்ளைக் கருவின்மேல் குப்புறப் படுத்துக்கொண்டு, உலகத்தின் அவசரங்களையெல்லாம் பார்த்துப் பெருமூச்சு விடுகிற ஒரு சோம்பேறி. போட்டியில் பின்தங்கினாலும், பிற்பாடு கீர்த்தியில் அது மீன் துண்டை வெகுதூரம் முந்திவிட்டது. உடைத்து ஊற்றிய முட்டையின் தளர்ந்த, சரிந்த, எந்த உருவத்திலும் நில்லாத ஸ்வபாவத்தை உற்றுப் பார்த்து, அதையே ஒரு குணமாக்கிய சாமர்த்தியந்தான் அந்தப் பாத்திரத்தின் ஜீவன். அது கோழி முட்டைதானே? தினந்தோறும் கோடிக் கணக்கில் முட்டையிடும் நாமக்கல் வட்டாரத்தின் பிள்ளைகளுக்கு ஜப்பானியர்களைவிட நன்றாக முட்டையைத் தெரியாதா?

ஒரு வட்டத்துக்குள் இரண்டு புள்ளியும் ஒரு வளைகோடும் இட்டவுடன் நம் மனம் ஏன் இளகுகிறது என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. ஆஸ்திரிய நாட்டு விஞ்ஞானி கான்ராட் லோரன்ஸ் 1943-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையில், உடலுக்குப் பெரிய தலை, மேடிட்ட நெற்றி, முகத்தின் நடுவுக்குக் கீழே அமைந்த பெரிய கண்கள், உப்பிய கன்னம், குறுகிய கைகால் ஆகிய சிசு லட்சணங்களைக் கண்ட மாத்திரத்தில் வளர்ந்த மனிதருக்குப் பேணிக் காக்கும் உணர்ச்சி எழுகிறது என்று எடுத்துரைத்தார். சித்திரம் வரைகிறவருக்கு இது கைமேல் பலன் தருகிற சூத்திரம். கண்களை முகத்தின் நடுக்கோட்டுக்குச் சற்றே கீழே வையுங்கள். ஒன்றையொன்று விலகியிருக்கும்படி வையுங்கள். வாயைக் கண்களின் மட்டத்துக்கு வெகு அருகில், சிறியதாக இடுங்கள். அதே கண்களை மேலே ஏற்றி, வாயைக் கீழே இறக்கிப் பார்த்தால் சிசு மறைந்து, ஏதோ ஒரு பெரிய மனிதர் நம்மை உற்றுப் பார்ப்பது போலாகிவிடும். கோடுகள் அவையே, இடம் மட்டுந்தான் மாறியது.

உபகரணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சித்திரம் எழுதுவதற்கென்றே செய்த டேப்லெட்டுகள் பலவற்றில், பரப்புக்கு அடியில் ஒரு மெல்லிய மின்காந்தத் தகடு இருக்கிறது. பேனாவுக்குள் இருக்கும் கம்பிச்சுருள் அதற்கு மறுமொழி தருகிறது. அதனால்தான் அந்தப் பேனாவுக்கு பாட்டரி வேண்டியதில்லை. பேனாவை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை 8192 படிகளாகப் பகுத்து அறியும் கருவிகள் இப்போது சாதாரணம். மெல்லத் தொட்டால் மயிரிழை போலவும், அழுத்தினால் தடித்தும் கோடு வருவது இந்த நுட்பத்தால். ரப்பர் நுனி வைத்த மலிவுக் கோல்களுக்கு இந்த அறிவு கிடையாது. அவை விரலுக்குப் பதில் நிற்கின்றன, அவ்வளவே. ஆனால் விரலே போதும் என்று ஆரம்பிக்கிறவர்களை நான் தடுக்க மாட்டேன். கிரிட்டா என்ற மென்பொருள் முற்றிலும் இலவசம். ஐபிஸ் பெயின்ட் சாமானியக் கைப்பேசியிலும் இயங்கும். டாஸ்மேனியாத் தீவில் உருவான புரோகிரியேட் ஐபேடுக்கு உரியது, விலை கொடுத்து வாங்க வேண்டியது. கண் பழகாதவருக்கு விலையுயர்ந்த கருவியால் லாபமில்லை.

இனி முட்டைக்கு வருவோம். முட்டை நீள்வட்டம் அன்று. ஒரு முனை அகன்றும் மறுமுனை குறுகியும் இருக்கிறது. இதைக் கவனியாமல் செயலி தருகிற ஆயத்த நீள்வட்டத்தை எடுத்து ஒட்டினால், அது சோப்புக் கட்டியாகவோ கூழாங்கல்லாகவோ முடியும். அகன்ற முனை கீழே வரும்படி நிறுத்துங்கள். அப்போது பாரம் அடியில் தங்கி, உட்கார்ந்திருக்கும் கைக்குழந்தையின் தோற்றம் தானாக வரும். முதலில் ஒரு லேயரில், அதாவது ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்படுகிற கண்ணாடித் தாள் போன்ற ஒரு தளத்தில், மனம் போனபடி கிறுக்குங்கள். பிறகு அதை மங்கச் செய்து, மேலே வேறொரு லேயர் திறந்து, கை நடுங்காமல் ஒரே மூச்சில் தெளிந்த கோட்டை இழுங்கள். வர்ணத்துக்கு இவ்விரண்டுக்கும் அடியில் இன்னொரு லேயர். மணிக்கட்டை அசைத்து இழுத்த கோடு துண்டு துண்டாக வரும். தோளிலிருந்து கையை ஓட்டினால்தான் வளைவு நிறைவாக விழும். இது கோலம் போடுகிற நம் பெண்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டாத ரகசியம்.

நாமக்கல் முட்டைகள் பெரும்பாலும் வெள்ளை. வெள்ளைப் பொருளை வெள்ளைத் திரையில் எப்படிக் காட்டுவது? இங்கேதான் ஆரம்பக்காரர்கள் தடுமாறிக் கறுப்புக் கோட்டால் சுற்றி வளைத்துவிடுகிறார்கள். பின்புலத்துக்கு இளமஞ்சளோ, பண்ணை முட்டைகள் அடுக்கி வருகிற அந்த அட்டை டிரேயின் சாம்பல் நிறமோ கொடுத்துப் பாருங்கள். முட்டை வர்ணமே பூசாமல் ஒளிரத் தொடங்கும். வெயில் ஒரு பக்கத்திலிருந்து விழுவதாகக் கொண்டு, மறுபக்கத்தில் வெளிர்நீலத்தை மிக மெல்லியதாகப் படியவிட்டு, விளிம்புக்குச் சற்று உள்ளேயே அந்த நிழலை நிறுத்திவிட வேண்டும். முட்டைமேல் இரண்டு கண், ஒரு வாய், கன்னத்தில் மங்கிய ரோஜா நிறத்தில் இரு பொட்டு. அவ்வளவோடு கை எடுத்துவிடுங்கள். இமை, மூக்கு, புருவம் என்று சேர்க்கச் சேர்க்கச் சிசுவின் லாவண்யம் தேய்ந்துகொண்டே போகும். முழு முட்டை வசப்பட்ட பிறகு ஆஃப்பாயிலும் கலக்கியும் வரையலாம். தோசைக்கல்லில் பாதி வெந்தும் வேகாமலும் மடித்து எடுக்கிற கலக்கி, அதற்குரிய மஞ்சள் வழிசலோடு, தூக்கம் கலையாத ஒரு முகத்துக்காகவே பிறந்தது.

தட்டுவடை செட் முட்டையைப் போல் எளிதன்று. அது சித்திரக்காரரின் யோசனையைக் கேட்கிறது. இரண்டு மொறுமொறு தட்டைகளுக்கு இடையில் துருவிய பீட்ரூட்டும் காரட்டும், நறுக்கிய வெங்காயமும், பச்சையும் சிவப்புமாகச் சட்னிகளும் வைத்துச் சேலத்தின் தள்ளுவண்டிக்காரர் நீட்டுகிற அந்தப் பண்டத்தை நேர் மேலிருந்து பார்த்தால் ஒரு வெறும் வட்டம். பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு மெல்லிய கோடுகளுக்கு இடையில் ஒரு வர்ணக் குழப்பம். ஆகையால் சற்றே சாய்வாக, மேல் தட்டையின் முகப்பும் உள்ளிருப்பதன் வரிசையும் சேர்ந்து தெரிகிற கோணத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். முகத்தை மேல் தட்டையில் வைத்தால் உள்ளிருப்பது சட்டைக் காலர் போல ஆகிறது. கீழ்த் தட்டையில் வைத்தால் மேலே உள்ளது தொப்பியாகிறது. எனக்குத் தொப்பியே பிரியம். துருவிய காரட் இழைகளில் இரண்டொன்றை நெற்றியில் விழும் முடிபோல வெளியே நீட்டிவிட்டால் அந்த முகத்துக்குக் குறும்பு வந்துவிடும். பீட்ரூட்டின் சிவப்பு மிகவும் ஆக்கிரமிப்பானது. அதைப் பக்கத்திலுள்ள பச்சைச் சட்னியோடு மோதவிடாமல் நடுவே ஒரு வரி வெங்காய வெள்ளையை இட்டுப் பிரிப்பது அவசியம்.

மாம்பழத்தில் நிறந்தான் பாடம். எல்லா மாம்பழத்துக்கும் ஒரே மஞ்சளைப் பூசுகிறவர்கள் இமாம் பசந்தைப் பார்த்ததில்லை. அது கனிந்த பின்பும் பசுமையை முழுவதும் விட்டுவிடுவதில்லை. காம்பருகில் ஒரு பச்சை, தோளில் ஒரு பொன்னிறம், வயிற்றில் இரண்டும் கலந்த ஒரு மயக்கம் என்று மூன்று வர்ணங்களையாவது ஒன்றில் ஒன்று கரையவிட வேண்டும்.

நாமக்கல் ஆஞ்சநேயர், கோட்டைப் பாறையின் அருகே மேற்கூரையில்லாமல், 18 அடி உயரத்தில் நின்று தரிசனம் தருகிறார். அனுமன் ஜெயந்தியன்று 1,00,008 வடைகளால் கோத்த மாலை அவருக்குச் சாத்தப்படுகிறது. அந்தத் திருமாலையின் வடைக்குக் கண்ணும் வாயும் எழுத வேண்டியதில்லை. பக்தியோடு சாத்துகிற பொருளை அதன் ரூபத்திலேயே விட்டுவிடுவதுதான் அழகு. ஆனால் ஒரே உருவத்தைப் பலமுறை அடுக்குகிற வித்தையைக் கற்க அதைக் காட்டிலும் சிறந்த மாதிரி கிடையாது. ஒரு வடையை நன்றாக வரைந்து, அந்த லேயரை நகலெடுத்து, ஒவ்வொரு நகலையும் சிறிது திருப்பி, ஒன்றிரண்டின் நிறத்தைச் சற்று அழுத்தமாக்கி, விளிம்பை ஒருபுறம் கரடாக்கினால் மாலைக்கு உயிர் வந்துவிடும். திருப்பாமல் மாற்றாமல் அப்படியே ஒட்டினால், அச்சு இயந்திரத்தின் காரியம் என்று கண் உடனே காட்டிக்கொடுத்துவிடும். வீட்டில் தட்டுகிற உளுந்து வடைக்கு முகம் வைக்க விரும்புகிறவர்கள், நடுவிலுள்ள துளையை வாயாக்க ஆசைப்படுவார்கள். அலறுகிற வாயாகத்தான் அது தோன்றும். துளையைத் துளையாகவே விட்டு, அதற்குக் கீழே உள்ள அகன்ற பாகத்தில் சிறிய முகத்தை எழுதுவது உத்தமம்.

சில கோடுகளில் ஒரு ஜீவனை நிறுத்துகிற திறமைக்கு இந்தச் சமவெளி அந்நியமானதும் அன்று. மோகனூரில் 1888-இல் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. ராமலிங்கம் பிள்ளை, கவிஞராக நாடறிவதற்கு முன்பே சித்திரக்காரராக ஜீவனம் நடத்தியவர். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தில்லி தர்பாரை ஒட்டி அவர் தீட்டிய படத்துக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. கார்ட்டூனிஸ்ட் ஆர். கே. லக்ஷ்மண் மைசூரில் பிறந்தவரானாலும், அவர் பெயரின் முதலெழுத்தாக நிற்பது ராசிபுரம். ஏஷியன் பெயின்ட்ஸ் கம்பெனிக்காக 1954-இல் அவர் படைத்த, கையில் வர்ண டப்பாவும் பிரஷ்ஷும் ஏந்திய கட்டு என்னும் குறும்புப் பையனின் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, கோடுகள் எங்கே தடிக்கின்றன, எங்கே மெலிகின்றன என்று ஆராய்கிற மாணவனுக்கு ஒரு வருஷப் படிப்பு மிச்சம்.

வரைந்ததை என்ன செய்வது என்று கேட்பார்கள். உலகத்துக் கைப்பேசிகளிலெல்லாம் பொதுவாக இருக்கும் இமோஜிச் சித்திரங்களில் மாம்பழம் 2018-இல்தான் இடம் பெற்றது. முட்டைக்கு இடம் உண்டு. இட்லிக்கும் தோசைக்கும் இன்னும் இல்லை. புதியதொன்றைச் சேர்க்க யார் வேண்டுமானாலும் யூனிகோட் அமைப்புக்கு விண்ணப்பம் செய்யலாம் என்றாலும், அது நெடிய காரியம். கூகுள் 2025 அக்டோபரில் இட்லியைத் தன் முகப்புச் சித்திரமாக்கியபோது நம்மவர் அடைந்த சந்தோஷத்தைப் பார்த்தேன். அந்தச் சந்தோஷத்துக்காகக் கலிபோர்னியாவின் தயவை எதிர்பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்புகிற ஸ்டிக்கரை யாரும் செய்யலாம். 512 பிக்ஸல் நீளமும் அதே அகலமும் கொண்ட சதுரத்தில், பின்புலம் ஒன்றும் இல்லாமல், 100 கிலோபைட்டுக்கு உட்பட்டு சித்திரத்தைச் சேமிக்க வேண்டும். நான்கு பக்கமும் சிறிது இடம் விட்டு, உருவத்தைச் சுற்றி 8 பிக்ஸல் கனத்தில் ஒரு வெள்ளைக் கரை இட்டுவிட்டால், பேச்சுத்திரை எந்த நிறத்தில் இருந்தாலும் தட்டுவடை அதிலிருந்து பிரிந்து பளிச்சென்று தெரியும். தொப்பி வைத்த தட்டுவடையை அக்காவுக்கும், தூங்குமூஞ்சிக் கலக்கியைக் காலையில் எழுந்திராத தம்பிக்கும் அனுப்பியான பிறகு, பள்ளிபாளையம் சிக்கனில் கிடக்கிற தேங்காய்ச் சில்லுக்கும் வரமிளகாய்க்கும் முகம் வைக்கலாமா என்று யோசிக்கத் தொடங்கலாம். மிளகாய்க்கு மட்டும் கண்ணை முகத்தின் நடுக்கோட்டுக்கு மேலே வையுங்கள்; அது சிசு அன்று.