உங்களுக்குத் தெரியுமா? தலைவெட்டியின் எடுபிடி டைரக்டர் ஆன கதை!

1987. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபரா. இசையமைப்பாளர் புச்சினியின் 'துரந்தோட்' நடக்கிறது. தலைவெட்டியின் எடுபிடியாக ஒரு துணை நடிகர். கைச்செலவுக்குக் காசு வேண்டி மேடையேறிய சீன இளைஞர். பெயர் ஐ வெய்வெய். அதே ஓபராவை 2022-ல் ரோம் ஓபரா ஹவுஸில் டைரக்ட் செய்தது யார்? அவரேதான்!

டைரக்‌ஷன் மட்டுமா? செட், காஸ்ட்யூம், வீடியோ அத்தனையும் அவர் கைவண்ணம். உலகப் புகழ்பெற்ற ஓவிய, சிற்பக் கலைஞர்தான். ஆனால் ஓபரா டைரக்‌ஷன்? இதுதான் முதல் தடவை!

இன்னொரு ஆச்சரியம் பாருங்கள். 1987-ல் நியூயார்க்கில் நடனம் அமைத்தவர் சியாங் சிங். ரோமில் நடனம் அமைத்தவரும் அவரேதான். 35 வருஷம் கழித்து அதே ஜோடி!

புராணக் காலத்து சீன இளவரசி கதை. பின்னால் திரையில் ஓடுவது என்ன தெரியுமா? ஹாங்காங் போராட்டம், கொரோனா ஆஸ்பத்திரிகள், அகதிகள் கூட்டம்! ஹீரோ காலாஃப் முதுகில் ஒரு பெரிய தவளை வேறு!

2020 மார்ச். ரோமில் ஒத்திகை மும்முரம். வந்தது கொரோனா, மூடியது தியேட்டர். திரை விலக ரசிகர்கள் காத்திருந்தது 2 வருஷம்!

திரை விலகியபோது ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இசைக்குழுவை நடத்திய ஒக்சானா லினிவ் உக்ரைன்காரர். இளவரசியாகப் பாடிய ஒக்சானா டீகாவும் உக்ரைன்காரர். ஒரே மேடையில் இரண்டு ஒக்சானாக்கள்!

இந்த லினிவ் லேசுப்பட்டவர் இல்லை. ஜெர்மனியின் பைராய்ட் விழா 1876-ல் தொடங்கியது. அங்கே இசைக்குழுவை நடத்திய முதல் பெண் இவர். ஆண்டு 2021. ஒரு பெண்ணுக்கு வழிவிட அந்த விழாவுக்குத் தேவைப்பட்டது 145 வருஷம்!

ரோமின் அந்தத் தியேட்டருக்கும் புச்சினிக்கும் பழைய பந்தம் உண்டு. அவருடைய 'டோஸ்கா' 1900 ஜனவரி 14 அன்று முதன்முதலில் அரங்கேறியது அதே கட்டடத்தில்தான்!

புச்சினி சீனாவில் கால் வைத்ததே இல்லை! நண்பர் ஒருவர் வீட்டு இசைப்பெட்டியில் சீன மெட்டுகளைக் கேட்டார். அதில் ஒன்று மல்லிகைப் பூவைப் பற்றிய நாட்டுப்பாட்டு. அப்படியே தூக்கி ஓபராவில் வைத்துவிட்டார்!

1924-ல் புச்சினி இறந்தார். ஓபரா பாதியில் நின்றது. 1926 ஏப்ரல் 25, மிலானின் லா ஸ்காலாவில் அரங்கேற்றம். புச்சினி எழுதிய கடைசி இடம் வந்தது. இசைக்குழுவை நடத்திய டோஸ்கனினி கைக்கோலைக் கீழே வைத்தார். அன்றைய நிகழ்ச்சி அத்தோடு சரி!

1998-ல் பெய்ஜிங்கில் சீனப் பேரரசர்கள் முன்னோரை வழிபட்ட நிஜக் கோயிலின் முன்னால் 'துரந்தோட்'. சிப்பாய் வேடத்தில் நிஜ ராணுவ வீரர்கள்! டைரக்டர் ஜாங் யிமோ. இசைக்குழுவை நடத்தியவர்? நம்ம பம்பாயில் பிறந்த சுபின் மேத்தா!

அதே ஜாங் யிமோ 2009-ல் பெய்ஜிங் 'பறவைக் கூடு' ஒலிம்பிக் ஸ்டேடியத்துக்குள்ளும் 'துரந்தோட்' போட்டார். அந்த ஸ்டேடியத்தை வடிவமைக்க ஆலோசனை சொன்ன கலைஞர் யார் தெரியுமா? ஐ வெய்வெய்!

2015. ஆஸ்திரியாவின் பிரெகன்ஸ். ஏரித் தண்ணீருக்கு மேலேயே மேடை. அதில் 'துரந்தோட்'டுக்காக ஒரு சீனப் பெருஞ்சுவர் எழுப்பினார்கள். நீளம் 72 மீட்டர்!

இந்த ஓபராவின் 'நெஸ்ஸுன் டோர்மா' பாட்டை 1990 கால்பந்து உலகக் கோப்பைக்கு பிபிசி தீம் மியூசிக் ஆக்கியது. பவரொட்டி பாடிய அந்த ஓபரா பாட்டு, பாட்டு விற்பனைப் பட்டியலில் பிரிட்டிஷ் பாப் பாட்டுகளோடு மோதிப் பிடித்த இடம் 2!

புச்சினி பாதியில் விட்ட ஓபராவுக்கு முதலில் முடிவு எழுதிய இசையமைப்பாளர் அல்ஃபானோ. 2002-ல் பெரியோ ஒன்று எழுதினார். 2008-ல் சீனாவின் ஹாவ் வெய்யா ஒன்று. 2024-ல் வாஷிங்டனில் கிறிஸ்டோபர் டின் இன்னொன்று. இந்த டின் யார்? வீடியோ கேமுக்குப் போட்ட இசைக்காக கிராமி விருதைத் தட்டிய உலகின் முதல் ஆள்!