உறைபனியில் ஒரு டீசல் லொறி



கனடாவிலே குடியேறி வாழும் நம்மவரின் கடிதங்களிலும் தொலைபேசி உரையாடல்களிலும் மார்கழி, தை மாதங்களில் தவறாது இடம்பெறும் செய்தி ஒன்றுண்டு. அதுவே குளிர். அக்குளிரில் வாகனம் ஒன்றை இயங்கச் செய்வதற்கே தனியறிவு வேண்டும். அவ்வாகனம் டீசல் லொறியாயின் அவ்வறிவு இன்னும் கூடுதலாக வேண்டும். வீட்டுக்குள் இருந்தபடியே திறப்பிலுள்ள பொத்தானை அழுத்தி, வெளியே பனியில் நிற்கும் லொறியை இயக்கும் வசதி இப்பொழுது அங்கே பெருவழக்காகியுள்ளது. 'ரிமோட் ஸ்டார்ட்' எனப்படும் அதனைத் தொலைத்தொடக்கி என நாம் வழங்கலாம். அப்பொத்தான் எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை என்பதே இன்றைய பேச்சின் பொருள். பிள்ளைகளுடன் சில மாதம் தங்கியிருக்கவென அந்நாட்டுக்குச் செல்லும் முதியோர் நம்மிடையே பலர். அவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய எச்சரிக்கை ஒன்றும் இதில் உண்டு. அதனை இறுதியிற் கூறுவேன்.

டீசல் யந்திரம் குளிருக்கு ஏன் அஞ்சுகிறது? பெற்றோல் யந்திரத்தில் எரிபொருளைப் பற்றவைக்க மின்பொறி உண்டு. டீசல் யந்திரத்தில் அது இல்லை. ஜெர்மனியப் பொறியியலாளரான ருடோல்ப் டீசல் 1893ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்று, 1897இல் ஔக்ஸ்பேர்க் நகரில் வெற்றியுடன் இயக்கிக் காட்டிய யந்திரத்தின் சிறப்பே அதுதான். சைக்கிள் சில்லுக்குக் காற்றடித்த சிறுவர் யாவரும் அதன் தத்துவத்தை அறிவர். சிலமுறை அழுத்தியதும் பம்பின் அடிப்பாகம் சுடுகிறதன்றோ? காற்றை நெருக்கினால் அது சூடேறும். டீசல் யந்திரத்தின் உருளைக்குள்ளே காற்றானது தன் கனவளவில் ஏறத்தாழப் பதினாறில் ஒரு பங்காக நெருக்கப்படுகிறது. அப்பொழுது அதன் வெப்பநிலை 500 பாகை செல்சியசையும் தாண்டிவிடும். அவ்வேளையில் உள்ளே சீறிப் பாயும் எரிபொருள் தானாகவே தீப்பற்றிக்கொள்கிறது.

இனி, கனடாவின் நடுப்பகுதியிலுள்ள வினிபெக் நகரை எண்ணிப் பாருங்கள். அங்கே தை மாத இரவுகளில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 30 பாகைக்கு இறங்குவது அரிதன்று. அத்தகைய இரவு முழுதும் வெளியே நின்ற லொறிக்கு விடியற்காலையில் நான்கு இடையூறுகள் நேர்கின்றன. முதலாவது, உருளைக்குட் செல்லும் காற்றே கடுங்குளிரானது. நெருக்கத்தாற் பிறக்கும் சூட்டையும் குளிர்ந்த உலோகச் சுவர்கள் உறிஞ்சிவிடுகின்றன. இரண்டாவது, மசகெண்ணெய் தடித்துப் பாகுபோலாகி, யந்திரம் சுழல்வதைத் தடுக்கிறது. மூன்றாவது, பற்றரியின் வலிமை குன்றுகிறது. பூச்சியத்துக்குக் கீழ் 18 பாகையிலேயே ஈயப் பற்றரியின் வலிமை ஏறக்குறையப் பாதியாகிவிடும். பற்றரி தளர்ந்தால் யந்திரம் மெல்லச் சுழலும். மெல்லச் சுழன்றால் காற்றுப் போதிய அளவு சூடாகாது. நான்காவது, டீசல் எண்ணெயே உறையத் தொடங்குகிறது. நுவரெலியாவில் வாழ்வோர், தேங்காயெண்ணெய்ப் போத்தல் காலையில் வெண்மையாகக் கட்டிபட்டிருக்கக் காண்பர். டீசலிற் கலந்துள்ள மெழுகும் அவ்வாறே கடுங்குளிரில் திரண்டு வடிகட்டியை அடைத்துவிடும். அதனாலேயே குளிர்நாடுகளில் பனிக்காலத்துக்கெனத் தனி வகை டீசல் விற்கப்படுகிறது.

இந்நிலையில் தொலைத்தொடக்கி செய்வது யாது? பொத்தானை அழுத்தியதும் திறப்பிலிருந்து வானொலி அலையொன்று புறப்படுகிறது. என் குரலை உங்களிடம் கொண்டுவரும் அலைக்கு அது ஓர் இளைய சகோதரம் எனலாம். அந்த வாகனத்துக்கு மட்டுமே உரிய இரகசியக் குறியீடு அவ்வலையில் அடங்கியுள்ளது. லொறியிலுள்ள கணினி அக்குறியீட்டைச் சரிபார்க்கிறது. கதவுகளும் யந்திரத்தின் மேல்மூடியும் மூடியுள்ளனவா, கியர் தரிப்பு நிலையில் உள்ளதா என்றும் சோதிக்கிறது. பின்னரும் அது அவசரப்படுவதில்லை. உருளைகளிலுள்ள ஹீற்றர் பிளக்குகளுக்கு மின்னைச் செலுத்தி, அவை செந்தணலாகும்வரை காத்திருக்கிறது. கமின்ஸ் யந்திரம் பூட்டிய லொறிகள் பலவற்றில் இப்பிளக்குகளுக்குப் பதிலாக, உட்செல்லும் காற்றையே சூடாக்கும் மின்சட்டம் உண்டு. அதன் பின்னரே யந்திரம் சுழன்று உயிர்பெறுகிறது. கதவுகள் பூட்டியபடியே இருக்கும். உரிய திறப்புடன் சாரதி வந்து ஏறாவிடில் வண்டி நகராது. பத்து அல்லது பதினைந்து நிமிடங்களில் எவரும் வராவிட்டால் யந்திரம் தானாகவே நின்றுவிடும்.

நல்ல ஏற்பாடே. மசகெண்ணெய் யந்திரமெங்கும் பரவ நேரம் கிடைக்கிறது; முன்கண்ணாடியிற் படிந்த உறைபனியும் இளகத் தொடங்குகிறது. ஆனால் பொத்தானை அழுத்தியவுடன் லொறி முழுவதும் சூடேறிவிடும் என்று எண்ணுவது தவறு. நின்ற இடத்திலே இயங்கும் டீசல் யந்திரம் மிகச் சிறிதளவு எரிபொருளையே எரிக்கிறது. சிக்கனம் என்று நாம் போற்றும் அக்குணமே சூடு வேண்டிய வேளையிற் குறையாகிறது. சின்னஞ்சிறு அடுப்பிலே பெரிய கிடாரத்தை ஏற்றியதற்கு அதனை ஒப்பிடலாம். கடுங்குளிரில் அரைமணி நேரம் நின்று இயங்கினும் யந்திரம் தனக்குரிய வெப்பநிலையை எட்டாதிருக்கக்கூடும். அதற்கிடையில், முற்றாக எரியாத எண்ணெய் உருளைச் சுவர்வழியே இறங்கி மசகெண்ணெயுடன் கலக்கிறது. 2007 முதல் வட அமெரிக்காவிற் புதிய டீசல் லொறிகளிற் பொருத்தப்பட்டு வரும் கரிவடிகட்டியிலும் புகைக்கரி சேர்கிறது. ஆகவே, பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்தி ஒருமணி நேரம் இயங்கவிடுவது யந்திரத்துக்குச் செய்யும் உபகாரமன்று. தொடங்க மறுக்கும் யந்திரத்தை அவ்வாறு அழுத்திக்கொண்டிருப்பதும் வீணே. அதனால் பற்றரியே களைத்துப்போகும்.

அப்படியாயின் வேண்டிய சூட்டை எங்கே பெறுவது? இயக்குவதற்கு முன்னரே கொடுக்கவேண்டும். அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்துக் கிராண்ட் போர்க்ஸ் நகரைச் சேர்ந்த அன்ட்ரூ பிரீமன் என்பவர், யந்திரத்தை மின்சாரத்தாற் சூடாக்கும் கருவியொன்றுக்கு 1949இல் காப்புரிமை பெற்றார். அவ்வகைச் சூடாக்கிகள் இன்று அக்குளிர்ப் பிரதேசங்களில் எங்கும் பயன்படுகின்றன. வினிபெக்கிலும் எட்மன்ரனிலும் வாகனங்களின் முகப்பிலிருந்து ஒரு மின்வடம் தொங்குவதையும், தரிப்பிடங்களில் அதனைச் செருகுவதற்கு மின்னிணைப்புகள் அமைந்திருப்பதையும் காணலாம். இரவு முழுவதும் மின்னைச் செலவிட வேண்டியதில்லை. புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாக இயங்குமாறு நேரமானி ஒன்றைப் பொருத்தினாற் போதும் என்று கனடிய இயற்கை வளத் திணைக்களம் அறிவுறுத்துகிறது. இவ்வாறு வெதுவெதுப்பான யந்திரத்தைத் தொலைத்தொடக்கி இலகுவில் இயக்கிவிடும். சில நிமிடங்களின் பின், கண்ணாடியைத் துப்புரவாக்கி, வண்டியை மெதுவாகச் செலுத்தத் தொடங்கலாம். மிதமான பாரத்துடன் ஓடும்போதே யந்திரம் விரைவிற் சூடாகிறது. கியர்ப்பெட்டியும், சில்லுகளின் உருள்தாங்கிகளும், டயர்களும் நின்ற இடத்தில் எவ்வளவு நேரம் யந்திரம் இயங்கினும் நன்கு சூடாவதில்லை, ஓட்டத்தினாலேயே சூடாகின்றன.

இனி, நான் கூறுவதாகச் சொன்ன எச்சரிக்கை. அந்நாட்டு வீடுகள் பலவற்றில் வாகனக் கொட்டகை வீட்டோடு ஒட்டியே அமைந்திருக்கும். உள்ளே நிற்பது டீசல் லொறியாயினும் பெற்றோல் காராயினும், கொட்டகைக்குள் யந்திரத்தை இயக்குதல் ஆகாது. புகையிலுள்ள காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. ஒட்சிசனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேலான பற்றுடன் அது குருதியின் ஈமோகுளோபினோடு சேர்ந்து, உயிர்க்காற்றுக்கு இடமில்லாமற் செய்துவிடும். தலைவலி, மயக்கம், வாந்தி என்பன தோன்றும். உறங்குவோர் உறக்கத்திலேயே இறந்துபடவும் நேரும். டீசல் புகையில் இவ்வாயு பெற்றோற் புகையிலும் குறைவே. குறைவு என்பது இல்லை என்பதாகாது. டீசல் புகையில் வேறு நச்சு வாயுக்களும் உண்டு. கொட்டகையின் வெளிக்கதவு திறந்திருப்பதும் போதிய காவலன்று; வாயு உட்கதவின் இடுக்கு வழியே அறைகளுக்குட் புகும். வெளியே நிற்கும் வண்டியிலும் புகைபோக்கியின் வாயைப் பனி மூடியிருந்தால், புகை சாரதி அமரும் அறைக்குட் செல்லும். ஆகவே, பொத்தானை அழுத்துமுன் வண்டி எங்கே நிற்கிறதென்று ஒருமுறை கண்ணாற் காணவேண்டும். பேரப்பிள்ளைகள் விளையாட்டாகத் திறப்பை எடுத்து அழுத்திவிடாதபடி, அதனை எட்டாத இடத்தில் வைக்கவேண்டும். இவ்வாயுவைக் கண்டு மணியொலிக்கும் கருவிகளும் விற்பனைக்கு உண்டு. வீட்டில் ஒன்று இருத்தல் இன்றியமையாதது.

பிள்ளைகளைக் காணப் பனிக்காலத்திற் பயணமாகும் நேயர்களே, சென்று சேர்ந்ததும் அக்கருவி வீட்டில் எங்கே பொருத்தப்பட்டுள்ளது என்று பிள்ளைகளிடம் கேட்டறியுங்கள். இல்லையென்று சொன்னால், அன்றைக்கே ஒன்றை வாங்கச் செய்யுங்கள்.